இலக்கு எடை: நிறுவை முள் எங்கே நின்றால் வெற்றி?

"ஆபரேஷன் செய்தாகிவிட்டதே, இன்னும் ஏன் மெலியவில்லை?"

உடல் எடையைக் குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால், இந்த ஒரு கேள்வி ஒருவரைச் சாப்பாட்டைத் தவிர்க்க வைக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகாமல் வீட்டிலேயே முடங்க வைக்கும். சில வேளைகளில் மீண்டும் மருத்துவமனைக் கட்டிலில் படுக்க வைக்கும்.

அறுவை சிகிச்சையைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு எட்ட வேண்டிய எடை எது, அதை யார் முடிவு செய்வது, அந்த எண்ணை எட்டாவிட்டால் அது தோல்வியா என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நம் நாட்டின் நிலை

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இருவரில் ஒருவர் என்ற கணக்கையும் தாண்டிவிட்டோம். 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது முதலிடத்தில் நின்றவர்கள் இந்தியர்கள். இது பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல. எடையோடு சேர்ந்தே இனிப்பு நீரும், இரத்தக் கொதிப்பும், முழங்கால் வலியும், உறக்கத்தில் மூச்சடைப்பும் நம் வீடுகளுக்குள் நுழைகின்றன.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட ஆசியருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் சேர்கிறது. அதனால் குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடுகிறது. இதைக் கருத்தில் கொண்டே அறுவை சிகிச்சைக்கான வரம்பும் மாறியது. 1991இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் உடல் எடைக் குறியீடு 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கடும் நோய்களும் இருந்தால் மட்டுமே அறுவை சிகிச்சை என்றது. 2022இல் அமெரிக்க, அனைத்துலக மருத்துவச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து அந்த வரம்பைத் தளர்த்தின. ஆசியர்களுக்குக் குறியீடு 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்பது புதிய வழிகாட்டுதல்.

உடல் எடைக் குறியீடு என்பது எளிய கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கத்தி செய்வது என்ன?

இன்று உலகில் அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை நீக்கப்பட்டு, மீதிப் பகுதி சட்டைக் கையைப் போல் நீண்ட குழாயாக விடப்படுகிறது. இன்னொன்றில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்று அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். உணவு குறுக்கு வழியில் செல்கிறது. இந்தக் குறுக்கு வழி முறையை 1966இல் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன்.

வயிறு சிறுத்துவிட்டது, அதனால் சாப்பாடு குறைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பசியைத் தூண்டும் சுரப்பான கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேல் வளைவில்தான் ஊறுகிறது. அந்தப் பகுதி நீக்கப்படும்போது பசியும் தணிகிறது. குடலிலிருந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகளும் கூடுகின்றன. இன்று எடைக் குறைப்புக்காக வாரம் ஒரு முறை போடப்படும் ஊசி மருந்துகள் அத்தகைய ஒரு சுரப்பைப் போலவே வேலை செய்பவைதான். பலருக்கு எடை அதிகம் குறைவதற்கு முன்பே இரத்தத்தில் இனிப்பின் அளவு இறங்குவதற்கும் இச்சுரப்புகள் ஒரு காரணம்.

இந்திய அரசியலில் இருவர் இந்தச் சிகிச்சையால் செய்தியில் அடிபட்டார்கள். 2011இல் பாரதிய ஜனதா கட்சியின் அன்றைய தலைவர் நிதின் கட்காரியும், 2014இல் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லியும் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார்கள். ஜெட்லி செய்துகொண்டது அழகுக்காக அல்ல, நீண்ட நாள் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்துவதற்காக என்று அப்போதே சொல்லப்பட்டது. சிகிச்சையின் நோக்கம் நோயைத் தணிப்பது. மெலிவது அதனோடு வருவது. இந்த வரிசை மாறும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

செபராங் ஜெயாவில் ஒரு தாமானில் குடியிருக்கும் நாற்பது வயது அம்மா ஒருவரை உதாரணத்திற்கு நினைத்துக்கொள்வோம். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. உயரம் 160 செண்டிமீட்டர். எடை 102 கிலோ. குறியீடு 39.8. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு.

இவர் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறார். 160 செண்டிமீட்டர் உயரமுள்ள ஆசியருக்குச் சரியான எடை 59 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. குறியீடு 23க்கான எடை அது. கல்யாணத்தன்றும் தாம் 58 கிலோதான் இருந்தோம் என்பது அவருக்கு நினைவுக்கு வருகிறது. அன்றிலிருந்து 58 என்பதே அவருடைய இலக்கு.

இப்போது மருத்துவரின் கணக்கைப் பார்ப்போம். இரைப்பையைக் குழாயாக மாற்றும் சிகிச்சையில் மொத்த எடையில் சுமார் 25 விழுக்காடு குறையும். குறுக்கு வழிச் சிகிச்சையில் சுமார் 30 விழுக்காடு. 102 கிலோவில் 25 விழுக்காடு என்றால் 25.5 கிலோ. அவர் 76 கிலோ அளவில் வந்து நிற்பார். 30 விழுக்காடு என்றால் 71 கிலோ அளவில் நிற்பார். இது சராசரி. சிலர் இதற்குக் கீழேயும் போவார்கள், சிலர் மேலேயே நின்றுவிடுவார்கள்.

மருத்துவ உலகில் நெடுங்காலம் பயன்பட்ட இன்னொரு அளவுகோலும் உண்டு. குறியீடு 25க்கு உரிய எடையை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இருப்பதை 'மிகை எடை' என்பார்கள். இந்த அம்மாவுக்கு அந்த எடை 64 கிலோ. ஆக மிகை எடை 38 கிலோ. அதில் பாதியாவது குறைந்தால் சிகிச்சை வெற்றி என்பது வழக்கம். பாதி என்றால் 19 கிலோ. அதாவது 83 கிலோவுக்கு வந்தாலே மருத்துவர் வெற்றி என்று எழுதிவிடுவார்.

மருத்துவருக்கு 83 வெற்றி. சராசரியாக எட்டக்கூடியது 71 முதல் 76 வரை. அந்த அம்மாவின் மனத்தில் இருப்பதோ 58. ஒரே உடம்பு, மூன்று எண்கள். சிகிச்சைக்கு முன்பே இந்த மூன்றையும் மேசையில் வைத்துப் பேசவில்லை என்றால், 76 கிலோவில் நிற்கும் நாளில் மருத்துவர் கைகொடுப்பார், நோயாளி அழுவார்.

முதல் இரண்டு ஆண்டுகள்

சிகிச்சை முடிந்ததும் முதல் இரு வாரங்கள் நீராகாரம். பிறகு மசித்த உணவு, அதன் பிறகு மென்மையான உணவு. சுமார் ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு, ஆனால் சிறு அளவில். முதல் மாதங்களில் எடை மளமளவென்று இறங்கும். சட்டை தொளதொளக்கும். பார்ப்பவர்கள் எல்லாம் வியப்பார்கள்.

மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்கு முள் திடீரென்று அசையாமல் நின்றுவிடும். உடல் தன் நீரையும் சக்திச் சேமிப்பையும் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. ஆறாவது மாதத்தை ஒட்டியும் இப்படி நிற்கலாம். இந்த நாட்களில் தினமும் மூன்று முறை நிறுவை மேல் ஏறி இறங்குவதால் பயனில்லை. வாரம் ஒரு முறை, காலையில், ஒரே நிறுவையில் பார்த்தால் போதும்.

பெரும்பாலோர்க்கு 12 முதல் 24 மாதங்களுக்குள் மிகக் குறைந்த எடை வந்துவிடும். அதன் பிறகு சில கிலோ திரும்ப ஏறுவது இயல்பு. இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள் சுவீடன் நாட்டினர். 1987இல் தொடங்கிய அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரும், செய்துகொள்ளாத 2,037 பேரும் இருந்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவுகளின்படி, குறுக்கு வழிச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் இரு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அது 25 விழுக்காடாக இருந்தது. அதாவது, இறங்கியதில் ஒரு பகுதி திரும்ப ஏறியது. ஆனால், சிகிச்சை செய்துகொள்ளாதவர்களின் எடையில் அத்தனை ஆண்டுகளிலும் பெரிய மாற்றமே இல்லை.

அந்த ஆய்வின் முக்கியமான செய்தி எடையைப் பற்றியது அல்ல. சுமார் பதினொரு ஆண்டுகளில் சிகிச்சை செய்துகொள்ளாதவர்களில் 129 பேர் இறந்தார்கள், செய்துகொண்டவர்களில் 101 பேர் இறந்தார்கள். அந்த இரண்டாயிரம் பேரில் 'சரியான எடை' அட்டவணையை எட்டாதவர்கள் ஏராளம். ஆயினும் ஆயுள் கூடியது.

எண்ணைத் துரத்தும்போது வரும் ஆபத்து

நம் உதாரண அம்மாவுக்கு இப்போது ஒன்றரை ஆண்டு முடிந்துவிட்டது. 76 கிலோவில் முள் நின்றுவிட்டது. இனிப்பு நீர் மாத்திரையை மருத்துவர் குறைத்துவிட்டார். இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் உள்ளது. ஆனால் 58 இன்னும் 18 கிலோ தூரத்தில் இருக்கிறது. உறவினர்கள் கேட்கிறார்கள். அவர் என்ன செய்வார்? பசியாறலை விடுவார். இரவு உணவை விடுவார். மதியம் பாதித் தோசையோடு நிறுத்திக்கொள்வார்.

இங்குதான் எச்சரிக்கை தேவை. சிகிச்சைக்குப் பிறகு உடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. நிறுவையில் எண் இறங்கும், ஆனால் படியேற முடியாது. மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் அது நீடிக்கும்.

பி12 வைட்டமின் இன்னொன்று. அதை உடல் ஏற்றுக்கொள்ள இரைப்பையின் உதவி தேவை. இரைப்பை சுருங்கியபின் அது குறைகிறது. நம்மவர்களில் பலர் சைவம், இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவம். இனிப்பு நீருக்கு நெடுநாள் மெட்பார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. இவை சேர்ந்தால் கைகால் மரத்துப்போதல், மறதி, சோகை என்று ஒவ்வொன்றாக வரும். ஆகவே பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்கத் தேவை. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடக் கூடாது.

விடாமல் வாந்தி எடுப்பவர் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கவே கூடாது. பி1 வைட்டமின் சில வாரங்களில் தீர்ந்து, மூளையையே பாதித்துவிடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் வருவதும் உண்டு. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது. மது அருந்துபவர்களுக்கு முன்பைவிட வேகமாகப் போதை ஏறும்.

மனத்தையும் கவனிக்க வேண்டும். கவலை வந்தால் சாப்பிட்டே பழகியவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கவலை எங்கே போகும்? வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டால் பாதிப் பாரம் இறங்கும். தூக்கமின்மையும் விரக்தியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் எதற்கு?

எண்ணே எல்லாம் ஆகிவிட்டால்

2017இல் உலகமே ஒரு பெண்ணின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுமார் 500 கிலோ எடையோடு எகிப்திலிருந்து மும்பைக்குச் சரக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டவர் அவர். அறுவை சிகிச்சை நடந்தது. இத்தனை கிலோ குறைந்தது என்று மருத்துவமனை அறிவித்தது. அந்த எண் உண்மையல்ல என்று அவருடைய சகோதரி மறுத்தார். நிறுவை எண்ணைப் பற்றிய அந்தச் சர்ச்சைக்கு நடுவில் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். அவருக்கு எடையைத் தவிர இதயம், சிறுநீரகம், பக்கவாதம் எனப் பல நோய்கள் இருந்தன. எத்தனை கிலோ குறைந்தது என்பது மட்டுமே செய்தியானது.

காற்பந்து வீரர் மரடோனாவின் கதை வேறு விதம். 2005இல் கொலம்பியாவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆளே மாறிப்போனார். ஆண்டுகள் செல்லச் செல்ல எடை திரும்பியது. பணமும் புகழும் மருத்துவர்களும் அருகில் இருந்தவருக்கே இப்படி என்றால், திரும்ப ஏறும் எடையை 'மனவுறுதி இல்லாதவர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. உடல் தான் இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் போராடும். அது உடலின் இயல்பு.

வீட்டுச் சமையலிலும் கடைத்தெருவிலும்

பினாங்கில் வாழ்ந்துகொண்டு நாசி கண்டாரையும் ரொட்டி சானாயையும் மறந்துவிடு என்று சொல்வது எளிது, நடப்பது கடினம். சில பழக்கங்கள் கைகொடுக்கும்.

முதலில் புரதம். தட்டில் முட்டை, கெம்போங் மீன், கோழி, தௌபூ, பருப்பு ஆகியவற்றில் ஒன்றை முதலில் சாப்பிட வேண்டும். காய்கறி அடுத்தது. சோறு கடைசியில், இடம் இருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். ஒரு கவளத்தை மென்று முடித்துத்தான் அடுத்தது.

குடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறுத்த வயிற்றில் ஒரு தட்டு நாசி கண்டார் இறங்காது. ஆனால் தே தாரேக்கும் மைலோவும் சிராப்பும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முறுக்கும் அதிரசமும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க உள்ளே போகும். எடை திரும்ப ஏறுவதற்குப் பெரிய விருந்தைவிட இந்தச் சின்னச் சின்ன வாய்களே காரணமாகின்றன. குறுக்கு வழிச் சிகிச்சை செய்தவர்கள் இனிப்பை அதிகம் எடுத்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

ஷிப்ட் வேலை செய்பவர்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அவித்த முட்டை போன்றவற்றை வீட்டிலிருந்து கொண்டு போகலாம். தைப்பூசத்திற்கு விரதம் இருக்க விரும்புபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். இனிப்பு நீர் மாத்திரையின் அளவையும் தண்ணீர்த் தேவையையும் அவர்தான் சொல்ல முடியும்.

வேறு இலக்குகள்

அப்படியானால் இலக்கே வேண்டாமா? வேண்டும். ஆனால் அதை மருத்துவரோடு உட்கார்ந்து, வயது, உயரம், தொடக்க எடை, இருக்கும் நோய்கள் எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். ஒரே எண்ணாக இல்லாமல், '72இலிருந்து 78க்குள்' என்பது போல ஓர் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. அதோடு எடையல்லாத இலக்குகளையும் எழுதி வைக்க வேண்டும். மாத்திரை குறைய வேண்டும். குறட்டை நிற்க வேண்டும். மூச்சு வாங்காமல் சந்தைக்கு நடந்து போய்வர வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டி எடை ஏறத் தொடங்கினால் மறைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உணவுமுறை ஆலோசனை, மருந்து, தேவைப்பட்டால் மறு சிகிச்சை என்று வழிகள் உள்ளன. 'ஏறிவிட்டதே, எந்த முகத்தோடு போவது?' என்று பரிசோதனை நாளைத் தவறவிடுவதுதான் பெரிய இழப்பு. எடையை மட்டும் அல்ல, இரத்தத்தில் குறையும் சத்துகளையும் கண்டுபிடிக்கும் நாள் அது.

சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கு பரிசோதித்து, தேவையானால் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். நிபுணரிடம் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். என் உடலுக்கு எதிர்பார்க்கக்கூடிய எடை எவ்வளவு? ஐந்து ஆண்டு கழித்து அது எவ்வளவாக இருக்கும்? அதுவரை என்னை யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். 102 கிலோவில் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுத் திரும்பியவர், 76 கிலோவில் நின்று நின்று ஏறி மேலே போய்த் தீபாராதனை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் போய், "இன்னும் 18 கிலோ பாக்கி இருக்கிறதே" என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

அடுத்த முறை கல்யாண வீட்டில் இப்படி ஒருவரைச் சந்தித்தால், எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்க வேண்டாம். "உடம்பு எப்படி இருக்கிறது, இரத்தப் பரிசோதனைக்குப் போனீர்களா?" என்று கேட்போம். அந்தக் கேள்வி அவரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்.